கடலை மடிக்கிற தாள்

அக்கா,

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் உங்களை ஒட்டியிருக்கிறார்கள். காலையில் பால் வாங்கப் போனபோதுதான் பார்த்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தியே எனக்கு அந்தச் சுவரைப் பார்த்துத்தான் தெரிந்தது. கலர் போஸ்டர். கை வைத்தால் வழுக்குகிற ஆர்ட் பேப்பர். நடுவில் உங்கள் முகம், சுற்றிலும் ரோஜாப்பூ, மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே 'அமைதியின் திருவுருவம்'. அமைதியாம். நீங்களாம். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவர் கிழவன் அழுகிறான் என்று நினைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். அழுகை அப்புறம்தான் வந்தது, வீட்டுக்கு வந்து பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்த பிறகு.

பத்து மணிக்கு மலையிலிருந்து மஞ்சு, பனிமூட்டம், இறங்கியது. மறுபடி போய்ப் பார்த்தேன். போஸ்டரின் மேல்முனை இரண்டும் சுருண்டிருந்தன. மதியத்துக்குள் உங்கள் நெற்றி வரை உரிந்து தொங்குகிறது. இந்த ஊரில், இந்த ஈரத்தில், அதுவும் உங்களை, கனத்த காகிதத்தில் அடித்து ஒட்டியிருக்கிறான் ஒருவன். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் யார், எந்த ஆபீசில் அடித்தான் என்று விசாரித்துப் போய் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எண்பது வயதில் சண்டை போட மூச்சு போதவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். அந்தக் காகித விஷயம் உங்களுக்கும் எனக்கும்தானே முழுசாகத் தெரியும்.

நீங்கள் என் அச்சாபீசுக்குள் முதன்முதலாக வந்தது எழுபதுகளின் நடுவில், வைகாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கடைவீதியில் எனக்கு அப்போது ஒரே ஒரு மிதி மிஷின். சின்ன ஈய எழுத்து இரண்டு பெட்டி, பெரிய மர எழுத்து ஒரு தட்டு. காகிதம் போடிமெட்டு வழியாக லாரியில் வரும். முக்கால்வாசி வேலை தேயிலை எஸ்டேட் வேலைதான்: லீவு பாரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பங்களா விருந்துக்கு அழைப்பு. மிச்சம் காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. நீங்கள் தலையில் ஒரு கோணிச் சாக்கை முக்காடாக மடித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றீர்கள். மழைக்காலத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லோரும் எஸ்டேட் கம்பளியைப் போர்த்தியிருப்பார்கள். சாக்கோடு வந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதை நான் கவனித்தேன், காரணம் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, ஒரு நோட்டீசு அடிக்கணும்."

"என்ன விசேஷம்மா? காதுகுத்தா?"

"நான் திருடல. அதுதான் விசேஷம்."

உட்காரச் சொன்னேன். நீங்கள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னீர்கள். மழைக்கு முன்னால் எல்லோருக்கும் கொடுக்கிற கம்பளி லாரியில் வந்து இறங்கியிருக்கிறது. ஸ்டோரைக் கூட்டிப் பெருக்க உங்களை அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் எண்ணும்போது ஒரு கட்டு குறைந்திருக்கிறது. கடைசியாக ஸ்டோரை விட்டு வெளியே வந்தவள் நீங்கள். காலையில் எல்லோரும் பேர் கொடுக்கிற மஸ்டர் கொட்டகையின் வெளிச்சுவரில், டைப் அடித்த ஒரு தாள்: கம்பளி திருட்டு, பேச்சியம்மாள் மீது விசாரணை.

ஒன்பது நாள் அந்தத் தாள் சுவரில் இருந்தது. எடை போடுகிற இடத்தில் பெண்கள் போர்த்திய கம்பளியைக் கழற்றிக் கூடைகளுக்குப் பக்கத்தில் குவித்து வைப்பார்களாம். அந்த ஒன்பது நாளும் உங்கள் கூடைக்குப் பக்கத்தில் யாரும் கம்பளி வைக்கவில்லை. பத்தாம் நாள் காணாமல் போன கட்டு பக்கத்து டிவிஷன் ஸ்டோரில் கிடைத்தது. லாரிக்காரன் அங்கே இறக்கிவிட்டு வந்திருக்கிறான். கிளார்க்கு வந்து தாளைக் கிழித்துப்போட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். நான் திருடவில்லை என்று அதே சுவரில் எழுதி ஒட்டுங்கள் என்று நீங்கள் ஆபீசுக்குப் போய்க் கேட்டதற்கு அவர் மலையாளத்தில் சொன்ன பதிலை அவர் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினீர்கள்: "கீறிக் களஞ்ஞில்லே, இனி எந்தா?" கிழித்துப் போட்டாச்சே, இனி என்ன வேண்டும்.

கம்பளியை அதற்குள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். உங்களுக்கும் நீட்டியிருக்கிறார்கள். வாங்கவில்லை.

"திருடின்னு எழுதுன கை குடுக்குற கம்பளி எனக்கு எதுக்கு? சாக்கு போதும்."

"சரிம்மா. எத்தனை அடிக்கணும்?"

"ஒண்ணு."

"ஒண்ணெல்லாம் அடிக்க மாட்டாங்கம்மா. எழுத்துக் கோத்து, மிஷின்ல பூட்டி, மை தடவி, அம்புட்டு வேலையும் ஒரு தாளுக்கா?"

"அவுக ஒட்டுனது ஒண்ணுதான?"

நான் அன்று பெரிய வீரன் ஒன்றுமில்லை, அக்கா. துரையிடம் நேராகப் பேசிப் பாருங்களேன் என்றேன். யூனியன்காரரைப் பாருங்களேன் என்றேன். நாளைக்கு வாங்களேன் என்றும் சொன்னேன். நீங்கள் நேரே காகித அலமாரிக்குப் போய்விட்டீர்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு தாளின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தீர்கள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். முற்றல் இலை எது, இளசு எது என்று பார்க்காமலே பிரிக்கிற விரல்கள். மேல்தட்டில் இருந்த கனத்த பாண்டு பேப்பரில் அந்த விரல்கள் நின்றன. பங்களாக் காரியங்களுக்காக மதுரையிலிருந்து வரவழைத்தது. என் அலமாரியின் மாப்பிள்ளை அதுதான்.

"அவுக தாளு இம்புட்டு கனம் இல்ல. என்னோடது இதுலதான் அடிக்கணும்."

எனக்கும் பெருமை பிடித்துக்கொண்டது. ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே தெரிகிற நீர்க்கோட்டைக் காட்டினேன். சுண்டிக் காட்டினேன், டப்பென்று சத்தம் வந்தது. ஒரு வேலைக்குக் காகிதம் தேர்வு செய்கிறவன், அது கையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கூடாது, எந்த இடத்தில் போய் இருக்கப்போகிறது என்று பார்க்க வேண்டும். அன்று எனக்கு அது தெரியாது. அதுவரை நான் அடித்ததெல்லாம் மேசை இழுப்பறையிலும் சட்டைப் பையிலும் வாழ்ந்தவை. மழையில் நிற்கிற காகிதத்தை நான் அடித்ததே இல்லை.

வாசகத்துக்கும் சண்டை. 'மேற்படி விஷயத்தில் தவறுதலாகப் பெயர் குறிப்பிடப்பட்ட' என்று நான் ஒரு வாக்கியத்தை எழுதி வாசித்தேன். நீங்கள் கையை நீட்டி நிறுத்தினீர்கள்.

"எங்க ஆளுக இதைப் படிச்சு முடிக்குமுன்ன பொழுது சாஞ்சுரும். திருடலன்னு போடுங்க. அம்புட்டுதான்."

அப்படித்தான் முடிவானது. பெரிய மர எழுத்தில் மேல்வரி 'பேச்சியம்மாள்'. இரண்டாம் வரி 'திருடவில்லை'. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், கம்பளிக் கட்டு பக்கத்து டிவிஷனில் கிடைத்த விவரம். பத்துத் தாள் அடித்தேன். அச்சடிக்கிற எதிலும் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும், சட்டம் அது. நான் போடவில்லை. மறந்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை நீங்கள் ஒட்டினீர்கள். மறுநாள் சாயங்காலம் வேலை விட்டு வெறுங்கூடையோடு நேரே அச்சாபீசுக்கு வந்தீர்கள். கூடையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசைமேல் விரித்தீர்கள். நான் அடித்த அதே தாள்தான். ஒரு மூலை கூடக் கிழியாமல், ஒரு சுருக்கம் கூட இல்லாமல் இருந்தது. திருப்பினீர்கள். பின்பக்கத்தில் கிளார்க்கின் கையெழுத்தில் அடுத்த நாள் எந்தக் காட்டில் யார் கொழுந்து எடுக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது.

"வாச்சர் ரெண்டு விரலால இழுத்தாரு, தோசை மாதிரி வந்துருச்சு. கிளார்க்கு அதைத் திருப்பி எங்க வேலைய எழுதி அதே சுவத்துலதான் தொங்கவிட்டாரு. நல்ல தாளாம் அண்ணாச்சி. மை ஊறாம எழுத வருதாம். உங்களைப் பாராட்டச் சொன்னாரு."

நீங்கள் இதைச் சொன்னபோது உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றுவரை உங்கள் வழக்கு உங்கள் வழக்கு. அந்த நிமிஷம் அது என் வழக்காகிவிட்டது. கேவலம்தான், அக்கா. ஒரு பெண்பிள்ளையின் மானத்துக்கு வராத கோபம் எனக்கு என் காகிதத்துக்கு வந்தது. எப்படி வந்தால் என்ன, வந்ததே என்று பின்னால் ஒரு நாள் நீங்களே சொன்னீர்கள். நான் இன்னும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

"ஞாயித்துக்கிழமை வாங்க," என்றேன். "கிழிக்க முடியாத தாளுல அடிச்சுத் தாறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டேனே தவிர அப்படி ஒரு தாள் எது என்று எனக்குத் தெரியாது. அச்சாபீசின் பின்சுவர், மஸ்டர் கொட்டகைச் சுவரைப் போலவே கல்லுக்கட்டு, மேலே சுண்ணாம்பு. மைதா காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு, பசை கிண்டினேன். கையில் இருந்த காகிதம் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எடுத்து வரிசையாக ஒட்டினேன். பாண்டு, ஆர்ட், ஒரு பக்கம் மட்டும் வழவழப்பான போஸ்டர் பேப்பர், கடைசியில் நியூஸ் பிரிண்ட். அது மை ஓட்டிப் பார்க்கவும், மேசை துடைக்கவும் வைத்திருந்த பழுப்புத் தாள். அடுத்த கடைக்காரர் அதில்தான் கடலை மடிப்பார். அதை அந்த வரிசையில் ஒட்டியதே கணக்குக்கு இருக்கட்டும் என்றுதான்.

இரண்டு நாள் மஞ்சும் தூறலுமாக இருந்தது. மூன்றாம் நாள் ஒவ்வொன்றாக இழுத்தேன். ஆர்ட் பேப்பர் நான் தொடும் முன்பே கீழே கிடந்தது. பாண்டு முழுசாக வந்தது. போஸ்டர் பேப்பர் பாதி வந்து கிழிந்தது. நியூஸ் பிரிண்ட் வரவே இல்லை. நகத்தால் கீறினேன். மாவு மாதிரி துகள் வந்ததே தவிர தாள் வரவில்லை. அப்புறம் யோசித்தபோது விளங்கியது. கனத்த தாளுக்குத் தன் பலம் இருக்கிறது. ஈரம் குடித்தால் அது உப்பும், வளையும், சுவரை விட்டு விலகும், இழுத்தால் தன்னையே சேர்த்துப் பிடித்துக்கொண்டு முழுசாக வரும். மெல்லிய தாளுக்கு அந்த வீம்பு கிடையாது. பசையை நெஞ்சுவரை குடித்துவிட்டுச் சுவரோடு சுவராகிவிடும். அதைக் கிழிக்க வேண்டுமானால் சுவரைத்தான் கிழிக்க வேண்டும். பதினைந்து வருஷம் காகிதத்தோடு குடும்பம் நடத்தியவனுக்கு இது அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். நான் நியூஸ் பிரிண்டைக் காட்டியதும் உங்கள் முகம் மாறிவிட்டது.

"இது கடலை மடிக்கிற தாளுல்லா?"

"ஆமா."

"அவுக நல்ல வெள்ளத் தாளுல என்னைத் திருடின்னு அடிப்பாக. நீங்க கடலைத் தாளுல திருடலன்னு அடிப்பீக. நல்லா இருக்கு அண்ணாச்சி நியாயம். எம்பேரு அம்புட்டு எளப்பமாப் போச்சா?"

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டீர்கள். எனக்கும் முன்கோபம்தானே. பின்னாலேயே போய்ச் சாக்கைப் பிடித்து இழுத்தேன். நடு வீதியில் ஒரு பெண்பிள்ளையின் முக்காட்டைப் பிடித்து இழுத்த அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் வருஷக்கணக்கில் பேசினார்கள். பேசட்டும். உங்களைப் பின்சுவருக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன்.

"இந்தா இருக்கு. உங்க நகத்தை வச்சுக் கிழிங்க பாப்போம்."

முதலில் பாண்டு ஒட்டியிருந்த இடம், வெறும் சுவர். அடுத்ததும் வெறும் சுவர். கடலைத் தாளில் கை வைத்தீர்கள். ஓரம் தேடினீர்கள், அகப்படவில்லை. கொழுந்து கிள்ளிக் கிள்ளி இரும்பான நகம். கீறினீர்கள். சுண்ணாம்பு வந்தது. மறுபடி கீறினீர்கள். அப்புறம் இரண்டு கையாலும். அப்புறம் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தீர்கள். அந்த ஒரு வாரத்தில் நீங்கள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

"அடிங்க அண்ணாச்சி," என்றீர்கள். "கடலைத் தாளே இருக்கட்டும்."

போன வாரம் கோத்த எழுத்து கட்டியபடியே இருந்தது. மிஷினில் பூட்டி முதல் தாளை அடித்து உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் இரண்டாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டி, மேலிருந்து கீழே வரை விரல் வைத்து வாசித்தீர்கள். கடைசி வரியைத் தாண்டியும் விரல் இறங்கியது. வெறும் தாளில் நின்றது.

"ஏன் அண்ணாச்சி, எல்லா நோட்டீசுலயும் அடியில பொடி எழுத்துல அச்சாபீசு பேரு இருக்குமே. இதுல காணோம்?"

இட நெருக்கடி என்றேன். நீங்கள் அந்த வெற்றிடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்தீர்கள். முழுக் கையும் கொண்டது.

"பொய் சொல்லாதீக."

அப்புறம் உண்மையைச் சொன்னேன். எஸ்டேட் பாரத்தில்தான் என் அடுப்பு எரிகிறது, அச்சாபீசின் பெயரைப் பார்த்தால் வேலையை நிறுத்திவிடுவார்கள், வீட்டில் மூன்று பிள்ளைகள். நீங்கள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டித் தப்பித்திருப்பேன்.

"பேரில்லாத தாளு மொட்டக் கடுதாசி அண்ணாச்சி. மொட்டக் கடுதாசிய எவன் நம்புவான்? எம்பேரு மட்டும் மழையில நிக்கணும், உங்க பேரு உள்ள ஒளிஞ்சுக்கிடணுமா?"

நான் துணியை எடுத்து மிஷினைத் துடைத்தேன்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்குந்தான் இருந்துச்சு. அதுக்காக?"

அந்த ஒரு சொல், அக்கா. 'அதுக்காக?' எத்தனை சாக்கு வைத்திருந்தேன், எல்லாவற்றையும் அது தூக்கிப் போட்டுவிட்டது. பெட்டியிலிருந்து பொடி எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். 'க'வைத் தலைகீழாக வைத்துவிட்டேன், எடுத்துத் திருப்பி வைத்தேன். அச்சகத்தின் பெயர், ஊரின் பெயர், அடியில் ஒரு கோடு. இருபது தாள் அடித்தேன். உங்களைத் தனியாக ஒட்ட அனுப்ப மனம் வரவில்லை. இந்தத் தாளை ஒட்டுகிற விதமும் எனக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை விடிந்து வெளுத்ததும் பசை வாளியோடு மஸ்டர் கொட்டகைக்கு வந்தேன். மஸ்டருக்கு அரை மணி இருந்தது. முதலில் சுவரை நனைத்தேன். அப்புறம் தாளை நனைத்தேன். சுவரில் பசை, தாளின் முதுகில் பசை, ஒட்டிய பிறகு முகத்திலும் பசை. நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் தேய்த்தேன். நீங்கள் பக்கத்தில் நின்று, "காத்து நிக்குது பாருங்க, அந்தா அந்த மூலையில," என்று எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தீர்கள். ஆட்கள் வந்து சேரச் சேர ஒவ்வொருவரும் சத்தம் போட்டே வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அதனால் தெரிந்துபோனது.

வாச்சர் வந்து இரண்டு விரலால் ஓரம் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். கிளார்க்கு வந்து பேனாக் கத்தியால் சுரண்டினார். இரண்டு எழுத்தின் காலில் கொஞ்சம் போயிற்று. தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினால் பசை இன்னும் இறுகியது போலத்தான் இருந்தது. கடைசியாக அடியில் இருந்த பொடி எழுத்தைக் குனிந்து படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அங்கேயேதான் நின்றேன். ஓட வேண்டும் போல இருந்தது, உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு எப்படி ஓடுவது.

அந்த வாரமே சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். இரண்டு பூச்சு. வெயில் கண்டு காய்ந்ததும் வெள்ளை வெளேரென்று ஒன்றும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் நீங்கள் அச்சாபீஸ் படியில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனீர்கள். தோற்றுவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனியில் மழை பிடித்தது. முதல் பெருமழைக்கு மறுநாள் காலை கடை திறக்கிற நேரத்தில் நீங்கள் ஓடி வந்தீர்கள். சாக்குக் கூடத் தலையில் இல்லை.

"அண்ணாச்சி, கடையப் பூட்டுங்க. வாங்க எங்கூட."

சுண்ணாம்பு காய்ந்திருக்கும்போதுதான் வெள்ளை, நனைந்தால் அதற்குள் இருப்பது தெரியும். அந்தச் சுவர் தலை முதல் கால் வரை நனைந்திருந்தது. உள்ளேயிருந்து எழுத்து மேலே வந்திருந்தது. சாம்பல் நிறத்தில், கொஞ்சம் மங்கலாக, ஆனால் ஒரு எழுத்துக் குறையாமல்: பேச்சியம்மாள் திருடவில்லை. எல்லோரும் கம்பளிக்குள் இருந்து அதைப் பார்த்தபடி நின்றார்கள். கிளார்க்கு குடைக்குக் கீழே நின்று பேர் கூப்பிட்டார். ஒவ்வொருவராக 'இருக்கேன்' என்று சொல்லி வந்தார்கள். உங்கள் முறை வந்தது.

"பேச்சியம்மா."

"செவுத்துல இருக்கேன், பாத்துக்கிடுங்க."

எல்லோரும் சிரித்த சிரிப்பில் கிளார்க்கின் குடையும் ஆடியது. அன்று மதியம் எடை போடுகிற இடத்தில் ஒருத்தி தன் கம்பளியைக் கழற்றி உங்கள் கூடைமேல் போட்டாளாம். அப்புறம் இன்னொருத்தி. சுவரில் எழுத்து வந்ததற்கு அழாதவர் என்னிடம் இதைச் சொல்லும்போது அழுதீர்கள்.

எஸ்டேட் ஆபீசிலிருந்து கடைசிவரை ஒரு வரி வரவில்லை. மறுபடி சுண்ணாம்பு அடித்தார்கள், மறுபடி மழை பெய்தது. இந்த மலையில் மழைக்கா பஞ்சம். நீங்களும் அடுத்த வருஷம் வரை கம்பளி வாங்கவில்லை. அடுத்த வருஷம் வாங்கியதும் கிளார்க்கு கை மாறிப் புது ஆள் வந்த பிறகுதான்.

எனக்கு எஸ்டேட் பாரம் அடிக்கிற வேலை நின்றுபோனது. நினைத்தபடியேதான். இரண்டு வருஷம் சிரமப்பட்டோம், மறைக்கவில்லை. என் வீட்டில் உங்கள் பெயரைச் சொன்னால் தட்டு சத்தம் போடும். அப்புறம் எஸ்டேட் லயங்களில் குடியிருக்கிற ஆட்கள் கல்யாணப் பத்திரிகைக்கும் நாடக நோட்டீசுக்கும் என்னைத் தேடி வந்தார்கள். 'சுவத்துல பேரு போட்ட ஆபீசு' என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். தேடி வந்தார்கள் என்பதற்காக நான் செய்தது சரி என்று சொல்லவில்லை. அவர்கள் வராமல் போயிருந்தாலும் அது சரிதான்.

உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. அச்சு வேலையில், அடித்து முடித்ததும் எழுத்தைப் பிரித்து அதனதன் கட்டத்தில் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த வேலைக்கு எழுத்து இருக்கும். உங்கள் இரண்டு வரியை நான் பிரிக்கவே இல்லை. நூல் போட்டுக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். என்னிடம் இருந்ததே ஒரு தட்டு மர எழுத்து. அதனால் இருபது வருஷம் நாடக நோட்டீசுகளில் பெரிய எழுத்துக்குத் திண்டாடினேன். தலைப்பை மாற்றச் சொல்லி நாடகக்காரர்களோடு சண்டை போட்டேன். மிஷினை விற்றபோது வாங்கியவன் எழுத்தையும் கேட்டான். தட்டைக் கொடுத்தேன். இந்தக் கட்டைக் கொடுக்கவில்லை.

இன்று மதியம் அதை இறக்கினேன். அப்போது அடித்த தாளில் மிச்சம் ஒன்று இருந்தது, தொட்டதும் சருகாக உதிர்ந்துவிட்டது. நியூஸ் பிரிண்டின் குணம் அது, அலமாரியில் வைத்தால் செத்துப்போகும். மளிகைக் கடைக்குப் போய்ப் பொட்டலம் மடிக்கிற தாள் கேட்டேன். ஒரு கொத்தாகக் கொடுத்தார்கள். எழுத்தின் மேல் கையாலேயே மை ஒத்தி, தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்தேன். மூன்று கெட்டுப்போயின, நாலாவது விழுந்தது. இத்தனை வருஷத்தில் மரம் கொஞ்சம் கோணியிருக்கிறது, 'ள்' சாய்ந்து நிற்கிறது. பரவாயில்லை, நானும் அப்படித்தான் நிற்கிறேன்.

மைதா காய்ச்சினேன். மகன் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இப்ப யாருப்பா அவங்களைத் திருடின்னு சொன்னா? செத்துப் போனவங்க மேல எதுக்கு இதை ஒட்டிக்கிட்டு? பாக்கிறவங்க சிரிப்பாங்க." சிரிக்கட்டும். அமைதியின் திருவுருவம் என்று ஒருத்தன் ஒட்டியிருக்கிறானே, அதற்கு யாரும் சிரிக்கவில்லையே. நீங்கள் அமைதியாக இருந்திருந்தால் அந்த மஸ்டர் கொட்டகைச் சுவரில் இருந்திருக்க வேண்டியது வேறு வாசகம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்காவது தெரியட்டும்.

பஸ் ஸ்டாண்டில் உங்கள் ஆர்ட் பேப்பர் முழுக்கக் கீழே விழுந்து நனைந்து கிடந்தது. உங்கள் முகத்தை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே சுவரை நனைத்தேன், தாளை நனைத்தேன். ஒரு மூலையில் காற்று நின்றது, நீங்கள் சொல்வீர்களே என்று பார்த்துத் தேய்த்துவிட்டேன். காலையில் டீ வாங்கிக் கொடுத்த டிரைவர் ஓடி வந்தான். "பெரியவரே, இங்க ஒட்டக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு, பாக்கலையா? கேஸ் போடுவாங்க."

பார்த்தேன். பயமும் இருந்தது. இந்த வயதில் ஸ்டேஷன் படியேற முடியுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அதுக்காக?

கடலை மடிக்கிற தாள்தான், அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பையிலிருந்து பேனாவை எடுத்து, அடியில் இருந்த வெற்றிடத்தில், என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.